தோலில் அடைப்பதற்கு முன்

மலை மேல் ஒரு குரு இருந்தார். மலை என்றதும் குகை, புலித்தோல், தாடி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கோத்தகிரிக்கு அப்பால், பஸ் போய்த் திரும்பும் கடைசி ஊரில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. குரு ஒரு பெண். பெயர் தவமணி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டு வந்து, கொல்லையில் கேரட் போட்டுக்கொண்டு, யார் எது கேட்டாலும் அளந்துதான் பேசுவார். அளந்து பேசுகிறவர்களை நம் ஊரில் சும்மா விடமாட்டார்கள். குருவாக்கிவிட்டார்கள்.

சீடர் எட்வின். குருவைவிட இருபது வயது மூத்தவர். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அதே ஊரில், குரு வீட்டுக்கு மேலே கல்படி ஏறினால் வரும் வீட்டில் குடியிருப்பவர். வாரம் தவறாமல் குருவைப் பார்க்க வருவார். வரும்போது வெறுங்கையோடு வந்ததே கிடையாது. மீன் கட்லெட், மட்டன் சாப்ஸ், கோழி வறுவல் என்று எல்லாம் அவரே செய்தது. டிசம்பர் பிறந்தால் சாசேஜ். சொந்த மிஷினில், சொந்தக் கையால். "குருவுக்குத்தான் முதல் பங்கு" என்று கொடுப்பார். குரு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லாருங்க" என்பார். எட்வினுக்கு அந்த ஒரு சொல் போதும். கொடுத்த கையோடு கிளம்பிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் வந்தார். கையில் ஒரு பெரிய பை. பையின் கனத்தில் ஒரு தோள் கீழே இறங்கியிருந்தது. வேலிக்குப் பக்கத்தில் படுத்திருந்த பக்கத்து வீட்டு நாய் டைகர், அவரைக் கண்டதும் துள்ளி எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தது. உருண்டு திரண்ட நாய். நடக்கும்போது வயிறு குலுங்கும்.

"நாய்க்குத் தெரியுது பாருங்க குருவே, யாரு நல்லவன்னு" என்றார் எட்வின்.

குரு டைகரைப் பார்த்தார்.

எட்வின் பையை இறக்கி வைத்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"ரெஜினா போயிட்டா, குருவே."

ரெஜினா அவர் மனைவி.

"எங்க போனாங்க?"

"குன்னூர்ல அவ தங்கச்சி வீட்டுக்கு. போயி ஒரு மாசம் ஆகப்போகுது. தங்கச்சிக்கு உடம்புக்கு முடியலன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன் போனாங்க?"

"அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"போறப்போ ஏதாவது சொன்னாங்களா?"

"மூச்சு முட்டுதுன்னா. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவை சொன்னா. நான் சும்மா இருப்பேனா? ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். நெஞ்சு கண்ணாடியாட்டம் இருக்குன்னாங்க. அப்புறமும் மூச்சு முட்டுதுன்னா மனுஷன் என்ன பண்றது?"

குரு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்வினுக்கு அது போதும். மடை திறந்துவிட்டது.

"என்ன குறை வச்சேன், சொல்லுங்க. குளிர்ந்த காத்து அவளுக்கு நல்லதுன்னு கோயம்புத்தூர் வீட்டை வித்துட்டு இங்க வாங்கினேன். சுடுதண்ணிக்கு கீசர் போட்டேன். சர்ச்சுல பாட்டுக் குழுவுல நின்னுக்கிட்டே பாடுவா. கால் வலிக்கும்னு ஃபாதர்கிட்ட நானே பேசி, முன் பெஞ்சுல உக்கார வச்சேன். ஒரு நாள் அவளை அடுப்படியில தனியா விட்டிருப்பேனா? எது பண்ணினாலும் கூடவே நிப்பேன்."

"ம்."

"இன்னிக்கு சாயங்காலம் பஸ்ல வர்றா. வீட்டுக்கு வரல. டிரைவர் டீ குடிச்சுட்டு பஸ்ஸைத் திருப்புற வரைக்கும் ஸ்டாப்புல நிப்பாளாம். பேசறதா இருந்தா அப்பப் பேசுங்கன்னா. அவளோட பழைய பச்சை ஸ்வெட்டரை எடுத்துட்டு வாங்கன்னா. அவ்வளவுதான் போன்ல சொன்னது."

"எடுத்துட்டு வந்தீங்களா?"

எட்வினின் முகம் மலர்ந்தது. பையின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து விரித்தார். கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது முழங்கையெல்லாம் நூல் விட்டுப்போச்சு குருவே. மனுஷன் போடுவானா அதை? இது புதுசு. சுத்தமான கம்பளி. தொட்டுப் பாருங்க."

குரு தொட்டுப் பார்த்தார்.

"மெத்துனு இருக்கு" என்றார்.

எட்வின் ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அதன் மேலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறுபது வயது ஆண் அழுதால், அழுகிறவரைவிடப் பார்க்கிறவருக்குத்தான் சங்கடம். பாவமாகத்தான் இருந்தது.

"அவகிட்ட நான் என்ன சொல்லணும்? ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க, குருவே. தப்பா ஒரு வார்த்தை விழுந்தா அதே பஸ்ல திரும்பிடுவா. அப்புறம் வரமாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

குரு பையைப் பார்த்தார்.

"பையில வேற என்ன? கனமா இருக்கே."

"மிஷின். கறி அரைக்கிற மிஷின். கறியும் இருக்கு, அதை அடைக்கிற குடல் தோலும் இருக்கு. சாசேஜ் பண்ணி அவளுக்கு எடுத்துட்டுப் போலாம்னு கறிக்கடையில காலையிலேயே வாங்கிட்டேன். வீட்டுல தனியா நின்னு பண்ண கை வரல. பையைத் தூக்கிட்டு அப்படியே இங்க வந்துட்டேன்."

"பண்ணுங்க."

"இங்கயா?"

"இங்கதான். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. சொல்லிக்கிட்டே பண்ணுங்க."

"நான் ஒரு கேள்வி கேட்டேனே குருவே."

"ஞாபகம் இருக்கு" என்றார் குரு.

எட்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குரு ஒன்றைச் செய்யச் சொன்னால் அதில் ஏதோ ஒரு பொருள் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்துவிடும். இன்றைக்கு ஒரு அசைவைக்கூட விட்டுவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

குரு மேஜையை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். பேரிக்காய் மரத்தடியில் போட்டார்கள். குரு காற்று வருகிற பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

எட்வின் மிஷினை மேஜை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்கினார். கைப்பிடி வைத்த பழைய இரும்பு மிஷின். மேலே கறி போடும் வாய், நடுவில் திருகு, அதன் முன்னால் நாலு இதழ் கத்தி, அதற்கு முன்னால் ஓட்டைத் தட்டு. தெர்மாகோல் பெட்டியைத் திறந்தார். ஐஸ்கட்டிகளுக்கு நடுவே பன்றிக் கறித் துண்டுகளும் வெள்ளைக் கொழுப்பும் இருந்தன.

"ஐஸ் எதுக்கு?" என்றார் குரு.

"கறி ஜில்லுனு இருக்கணும். இரும்பும் ஜில்லுனு இருக்கணும். சூடு ஏறினா கொழுப்பு உருகி எல்லாம் கூழாயிடும்."

சொல்லிவிட்டு எட்வின் சட்டென்று நிமிர்ந்தார்.

"புரிஞ்சுது குருவே! கோபத்தை ஆற வச்சுட்டுப் பேசணும்ங்கிறீங்க!"

"உங்களுக்குக் கோபமா?"

எட்வின் யோசித்தார். "இல்லையே."

"அப்ப எதை ஆற வைக்கிறது?"

எட்வின் குழம்பிப்போய் கொழுப்பை நறுக்கத் தொடங்கினார்.

"ரெஜினா இருந்தா இப்ப என்ன செய்வாங்க?"

"கைப்பிடி சுத்துவா. நான் மேல கறியைத் தள்ளுவேன்."

"அப்ப நான் சுத்துறேன்" என்று குரு கைப்பிடியைப் பிடித்தார். முந்தானையை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"சளியா குருவே?"

"சுத்தவா?"

"சுத்துங்க."

குரு சுற்றினார். எட்வின் தள்ளினார். ஓட்டைத் தட்டு வழியாகப் புழுப்புழுவாக வரவேண்டிய கறி, சாந்து மாதிரி பிசுபிசுவென்று வழிந்தது. எட்வின் இன்னும் கொஞ்சம் தள்ளினார். கட்டையை வைத்து அழுத்தினார். இன்னும் மோசமாக வழிந்தது.

"கறிக்கடைக்காரன் ஏமாத்திட்டான். நரம்பா குடுத்திருக்கான்."

குரு சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஐஸ் பத்தலை போலிருக்கு" என்று எட்வின் ஒரு கட்டியைப் போட்டார். மிஷின் கடகடவென்றது. சாந்து தண்ணீராகியது.

"உங்க கை சீரா சுத்தல குருவே, மன்னிச்சுக்குங்க. ரெஜினா சுத்தினா இப்படி ஆகாது."

"அவங்க எப்படிச் சுத்துவாங்க?"

"இதே மாதிரிதான்."

குரு கையை எடுத்துவிட்டார். எட்வின் மிஷினைக் கழற்றிப் பார்த்தார். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கத்தியைத் திருப்பி மாட்டியிருக்கேன்! தட்டையான பக்கம் தட்டைப் பாத்து இருக்கணும். மனசு ஒரு இடத்துல இல்ல, கை ஒரு இடத்துல மாட்டிடுச்சு. திரும்பியிருந்தா வெட்டாது, நசுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் நசுக்கத்தான் செய்யும்."

"ரெஜினா இருக்கும்போது இப்படி ஆனதுண்டா?"

"உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணிடுவேன். கைப்பிடி சுத்துறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். கத்தி திரும்பியிருக்குங்க, கை இழுக்குதுன்னு சொல்லுவா. எனக்குத் தெரியும், நீ சுத்துன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நானே பாத்துக் கழட்டி மாட்டுவேன்."

"போன வருஷமும் சொன்னாங்களா?"

எட்வின் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற கை மெதுவானது.

"இல்ல. இப்பல்லாம் சொல்றதில்ல. கூழா வந்தாலும் சுத்திக்கிட்டே இருப்பா."

டைகர் வேலிப் பக்கம் கொட்டாவி விட்டது. எட்வின் கத்தியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நான்தான் கத்தியா, குருவே? திருப்பி மாட்டின கத்தியா?"

"இல்லீங்க எட்வின் சார். கத்தி இது."

"அப்ப ரெஜினா கறியா?"

"கறி அது" என்று குரு பெட்டியைக் காட்டினார்.

எட்வினுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. சாயங்கால பஸ் இந்நேரம் குன்னூரில் துடைத்துக் கழுவி நிற்கும். இங்கே கத்தி கத்தி என்றும் கறி கறி என்றும் பாடம் நடக்கிறது.

கத்தியைச் சரியாக மாட்டினார். குரு மறுபடி சுற்றினார். இந்தத் தடவை கறியும் கொழுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகத் தனித்தனியாக, அழகாக, பாத்திரத்தில் விழுந்தன. வேலை சரியாக நடக்க ஆரம்பித்ததும் எட்வின் பழைய எட்வினாகிவிட்டார். மிளகை ஒன்றிரண்டாக இடித்தார். பூண்டை நசுக்கினார். ஜாதிக்காயைத் துருவினார். கொஞ்சம் வினிகர், கைப்பிடி உப்பு. எல்லாவற்றையும் கொட்டி, கை விறைக்க விறைக்கப் பிசைந்தார். கையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கறி விழாமல் ஒட்டிக்கொள்ளும் வரை பிசைய வேண்டும் என்று விளக்கமும் சொன்னார்.

"வேலை செய்யும்போது ரெண்டு பேரும் என்ன பேசிப்பீங்க?" என்றார் குரு.

"வேலை நேரத்துல என்ன பேச்சு? நான் சொல்லுவேன். அவ செய்வா."

"வேலை முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் அடுத்த வேலை இருக்குமில்ல?"

தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த குடல் தோலைக் குரு எட்டிப் பார்த்தார். பளபளவென்று நூல்கண்டு மாதிரி கிடந்தது.

"இதுல அடைக்கணுமா?"

"அவசரப்படக் கூடாது. அதுக்கு முன்னாடி உப்பு பாக்கணும்" என்றார் எட்வின். குருவுக்குப் பாடம் சொல்வதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்திருந்தது. "அதுதான் இதுல முக்கியம். பன்னிக் கறி, பச்சையா வாயில வைக்க முடியாது. அதனால ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துத் தட்டி, கல்லுல போட்டு வேகவச்சுச் சாப்பிட்டுப் பாக்கணும். உப்பு கம்மியா, காரம் ஜாஸ்தியா, எல்லாம் இப்பத் தெரிஞ்சுக்கணும். தோல்ல அடைச்சுட்டோம்னா முடிஞ்சுது. அப்புறம் ஒரு கல் உப்பு சேக்க முடியாது, எடுக்கவும் முடியாது."

கொல்லையிலிருந்த விறகடுப்பைப் பற்றவைத்து, பையிலிருந்து தோசைக்கல்லை எடுத்து ஏற்றினார். சின்னத் துண்டு ஒன்றைக் கல்லில் போட்டார். கொழுப்பு உருகிச் சத்தம் போட்டது. டைகர் எழுந்து உட்கார்ந்தது. எட்வின் துண்டைப் புரட்டிப்போட்டு, வெந்ததும் எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார்.

"ஆகா. கச்சிதம்."

தோலை எடுத்துப் புனலில் கோக்கத் தொடங்கினார்.

"இது யாருக்கு?" என்றார் குரு.

"ரெஜினாவுக்கு. உங்களுக்கும்தான். உங்களுக்கு முதல் பங்கு."

"எங்களுக்கு உப்பு சரியா இருக்குமா?"

"எனக்குச் சரின்னா எல்லாருக்கும் சரி குருவே. கல்யாணம் ஆன நாள்லேருந்து பண்றேன். என் நாக்கு ஒரு தடவை தப்பினதில்ல."

"ரெஜினா உப்பு பாப்பாங்களா?"

"அவ எதுக்கு? நான் இருக்கேனே."

"ரெஜினா சாசேஜ் சாப்பிட்டுட்டு என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவா! இதைச் சாப்பிட்டுட்டு..." என்று எட்வின் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருந்தது.

ஃபாதர் சொன்னது ஞாபகம் இருந்தது. எட்வின், உன் கைக்கு மோதிரம் போடலாம் என்றார். மில்லில் மேனேஜர் சொன்னது ஞாபகம் இருந்தது. மைத்துனன் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனது ஞாபகம் இருந்தது. ரெஜினா பரிமாறியது ஞாபகம் இருந்தது. அவள் தட்டில் அவர்தான் முதலில் வைப்பார். மூன்று துண்டு, சில வருஷம் நாலு. அதற்குப் பிறகு அந்தத் தட்டு என்ன ஆனது?

"தலையாட்டுவா" என்றார் கடைசியில்.

"எப்படி?"

எட்வின் தலையை ஆட்டிக் காட்டினார். ஆட்டும்போதே, அது ஆமாம் மாதிரியும் இல்லை, இல்லை மாதிரியும் இல்லை என்று அவருக்கே தோன்றியது. புனல் கையில் இருந்தது. தோல் பாதி கோத்திருந்தது. அவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது.

அவசரமாக இன்னொரு துண்டு தட்டினார். கல்லில் போட்டார். அரைகுறையாக வேகும்போதே எடுக்கப் போய், கையைச் சுட்டுக்கொண்டு, மறுபடி வைத்து, வெந்ததும் தட்டில் எடுத்துக் குருவிடம் நீட்டினார்.

"நீங்க பாருங்க குருவே. நீங்க உப்பு பாத்துச் சொல்லுங்க."

குரு தட்டை வாங்கவில்லை.

"நான் கறி சாப்பிடறதில்ல, எட்வின் சார்."

எட்வின் சிரித்தார். "இன்னிக்கு ஏதாவது விரதமா?"

"இன்னிக்கு இல்ல. என்னைக்கும் சாப்பிட்டதில்ல. முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்."

"அப்ப கட்லெட்டு?"

குரு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்ஸு? போன டிசம்பர் சாசேஜு? ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டீங்களே! நல்லாருங்கன்னு சொன்னீங்களே!"

குரு வேலிப் பக்கம் பார்த்தார். எட்வினும் பார்த்தார். அங்கே டைகர் கொழுகொழுவென்று உட்கார்ந்து, எட்வின் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது. அதன் கண்ணில் எத்தனையோ வருஷத்துப் பழக்கம் தெரிந்தது.

எட்வின் தட்டை மேஜையில் வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இது நியாயமா குருவே? இத்தனை வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? மீன் வாங்க மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ல போயிருக்கேன். குருவுக்கு என் கட்லெட்டுன்னா உசுருன்னு சர்ச்செல்லாம் சொல்லி வச்சிருக்கேன். என்னை முட்டாளாக்கிட்டீங்களே!"

"சொல்லியிருக்கணும்" என்றார் குரு. "சொல்லாதது என் தப்புத்தான்."

எட்வின் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நின்றவர் எதிரே ஆளைக் காணோம் என்கிற மாதிரி விழித்தார்.

"ஏன் சொல்லல?"

"மொத தடவை சொல்ல வாயெடுத்தேன். நீங்க டப்பாவைத் திறந்து காமிச்சீங்க. முகம் அப்படிப் பூரிச்சுப்போய் இருந்துது. இந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாங்கிக்கிட்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாயிடுச்சு. அதுக்கடுத்த வாரம் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. அப்படியே போயிடுச்சு."

எட்வின் மரத்தடியில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த கறி காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு எல்லாம் ஒரே சுற்றலாக இருந்தது. குருவுக்குக் கறி பிடிக்காது. சரி. அதற்கும் ரெஜினாவுக்கும் என்ன? ரெஜினா கறி சாப்பிடுகிறவள்தான். மில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை அவள் வைக்கும் ஆட்டுக்கால் குழம்பு ஊரைக் கூட்டும். அந்தக் குழம்பை அவள் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது? நீ விடு, நான் பண்றேன் என்று கரண்டியை வாங்கியது எந்த வருஷம்?

தூரத்தில், கீழ் வளைவில், பஸ் ஹாரன் கேட்டது. அந்த வளைவிலிருந்து இங்கே ஏறி வர இன்னும் நாலு வளைவு உண்டு.

எட்வின் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கையைக் கழுவினார். பிசைந்த கறியிருந்த பாத்திரத்துக்கு மூடியைத் தேடினார். சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். பாத்திரத்தைத் தூக்கினார். கீழே வைத்தார்.

"பஸ் வந்துடுச்சு குருவே. வந்ததிலேருந்து கேக்கறேன். இப்பவாவது சொல்லுங்க. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

குரு மேஜையிலிருந்த தட்டை எடுத்தார். வேலிக்குப் போய் அந்தத் துண்டை டைகருக்குப் போட்டார். அது ஒரே வாயில் விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் பார்த்தது.

"நீங்க குடுத்ததைப் போட எனக்கு டைகர் இருந்துது" என்றார் குரு.

எட்வின் விழித்தார்.

"எங்க வீட்டுல நாய் கிடையாதே குருவே."

"ஆமா" என்றார் குரு. "ரெஜினாவுக்கு யாரும் இல்ல."

ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. கொஞ்சம் கிட்டத்தில். எட்வின் நின்ற இடத்திலேயே நின்றார். சிவப்பு ஸ்வெட்டரின் கடைச் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஸ்வெட்டரை மடிக்காமல் மேஜை மேல், மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலிப் படலைத் திறந்துகொண்டு வெளியே போனவர், கீழே இறங்கும் ரோட்டுக்குத் திரும்பவில்லை. மேலே ஏறும் கல்படியில் ஏறினார். வயசுக்கு அந்த ஏற்றம் ஆகாது. இரண்டு படிக்கு ஒருதரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"எட்வின் சார்!" என்று குரு கூப்பிட்டார். "பஸ் ஸ்டாப் கீழ இருக்கு!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது மட்டும் கீழே கேட்டது.

"அந்தப் பச்சை ஸ்வெட்டர் வீட்டுல இருக்கு, குருவே. டிரைவரை இன்னொரு டீ குடிக்கச் சொல்லுங்க."